ஓதற் பிரிவு: ஏ. கே. செட்டியாரின் பயணங்கள்

பிரிவுக்கு இலக்கணம் வகுத்த மொழி தமிழ். இல்லத்தையும் துணையையும் விட்டு ஒருவன் நெடுந்தொலைவு செல்வதற்குரிய காரணங்களை நம் அகப்பொருள் நூலார் வரிசைப்படுத்தினர். ஓதல், தூது, பகை, காவல், பொருள் என்பன அவற்றுள் அடங்கும். எனினும் பொருள்வயிற் பிரிவைப் பாடிய பாடல்கள் சங்கத் தொகைகளில் மிகப் பல. ஓதற் பிரிவைப் பாடியவை மிகச் சில. பொருளுக்காகப் பிரிதல் எவருக்கும் விளங்கும். கற்பதற்காக மட்டும் ஒருவன் ஊரை விட்டு நீங்குவான் என்பதை இலக்கணம் ஏற்றுக்கொண்ட அளவுக்கு வாழ்க்கை ஏற்றுக்கொள்ளவில்லை போலும்.

இந்த வேறுபாட்டை இருபதாம் நூற்றாண்டில் தம் வாழ்வால் விளக்கியவர் ஏ. கே. செட்டியார். செட்டிநாட்டுக் கோட்டையூரில் 1911இல் பிறந்த கருப்பன் செட்டியார் அவர். அவருடைய சமூகத்துக்குக் கடல் கடத்தல் புதிதன்று. பர்மா, மலேயா, இலங்கை ஆகிய நாடுகளுக்குக் 'கொண்டுவிக்க'ப் போதல் நகரத்தாரின் மரபு. பெட்டியடிப் பையனாகச் சேர்ந்து, அடுத்தாளாகி, மேலாளாக உயர்ந்து, மூன்றாண்டுச் சம்பளத் தவணை முடிந்ததும் ஊர் திரும்புவர். சில காலம் வீட்டில் தங்கி மீண்டும் கப்பலேறுவர். 1930ஆம் ஆண்டையொட்டி பர்மாவில் மட்டும் ஏறத்தாழ 1,650 நகரத்தார் கடைகள் இருந்தன என்று அந்நாட்டு வங்கித்தொழில் விசாரணைக் குழு கணக்கிட்டது. அத்தனை பேரும் பிரிந்தது பொருள்வயின். தொலைநாடு அவர்களுக்குப் பணியிடம். அதைப் பார்த்து எழுதுதல் அவர்கள் மேற்கொண்ட பணியன்று.

செட்டியாரும் இரங்கூனுக்குத்தான் போனார். ஆனால் கணக்குப் பெட்டியின் முன் அமரவில்லை. 'தனவணிகன்' இதழின் ஆசிரியராக அமர்ந்தார். இருபது வயதைச் சில ஆண்டுகளே கடந்த ஓர் இளைஞருக்கு அது மதிப்பு வாய்ந்த பொறுப்பு. சமூகத்தின் ஆதரவு இருந்தது. எழுதுவதற்குக் களம் இருந்தது. அதில் நிலைத்திருந்தால் எவரும் குறை கூறியிருக்க மாட்டார்கள். அவர் அதை விட்டார். புகைப்படக் கலை பயில ஜப்பான் சென்று டோக்கியோவில் தங்கினார். பின்னர் அமெரிக்கா சென்று நியூயார்க்கில் அதே கலையை மேலும் பயின்றார். பொருள்வயிற் பிரிவே வழக்கமாயிருந்த ஊரிலிருந்து ஓதற் பிரிவு மேற்கொண்ட ஒருவர் என்று இதனால்தான் அவரைச் சொல்லத் தோன்றுகிறது.

ஓதல் முடிந்ததும் வீடு திரும்பியிருக்கலாம். 1937 அக்டோபர் 2ஆம் நாள், நியூயார்க்கிலிருந்து டப்ளின் செல்லும் கப்பலில், காந்தியடிகளைப் பற்றி ஒரு முழுநீள ஆவணப்படம் எடுக்க வேண்டும் என்ற எண்ணம் அவருக்குத் தோன்றியது. அன்று காந்தியடிகளின் பிறந்தநாள். செட்டியாருக்கு அப்போது 26 வயது நிறைந்திருக்கவில்லை. சொந்தப் பெருநிதி இல்லை, முன்மாதிரியும் இல்லை. காந்தியடிகளைப் பல நாடுகளில் பல காலங்களில் படம் பிடித்தவர்களின் துண்டுச் சுருள்கள் எங்கெங்கோ கிடந்தன. அவற்றை ஒவ்வொன்றாகத் தேடிச் சேர்க்க வேண்டியிருந்தது.

அந்தத் தேடலில் இங்கிலாந்து, ஐரோப்பா, தென்னாப்பிரிக்கா என்று ஏறத்தாழ ஒரு லட்சம் மைல் அவர் பயணம் செய்தார். முப்பது ஆண்டுகளில் நூறு ஒளிப்பதிவாளர்கள் எடுத்த ஏறக்குறைய 50,000 அடிப் படச்சுருளைத் திரட்டி, அதிலிருந்து 12,000 அடி கொண்ட படத்தைத் தொகுத்தார். 'மகாத்மா காந்தி' 1940 ஆகஸ்டில் தமிழில் வெளிவந்தது. உலகப் போர் மூண்டிருந்த காலம். ஆண்டது ஆங்கில அரசு. விடுதலை பெற்ற 1947இல் இந்தி விளக்கவுரையுடன் டெல்லியில் அது திரையிடப்பட்டது. 1953இல் அமெரிக்காவில் ஆங்கில வடிவம் பெற்றது.

இத்தனை தொலைவு சென்றவர் தம்மைப் பற்றி எவ்வளவு எழுதினார்? மிகக் குறைவு. 'உலகம் சுற்றும் தமிழன்' என்னும் நூற்பெயரே அவருக்குப் பட்டப்பெயர் போல நிலைத்தது. ஆயினும் அவருடைய பயண நூல்களில் பயணியைத் தேடித்தான் காண வேண்டும். சின்னஞ்சிறு வாக்கியங்கள், அடங்கிய நகைச்சுவை, வியப்பை வாசகருக்கே விட்டுவிடும் பாங்கு. 'கரிபியன் கடலும் கயானாவும்' போன்ற நூல்களில் அவர் கண் தேடியது காட்சிகளை மட்டுமன்று, தோட்டக் கூலிகளாய்க் கப்பலேறிப் போனோரின் வழிவந்தவர்களையும்தான். விரும்பிப் பிரிந்த ஒருவர், வறுமையால் பிரிந்தோரின் பேரப்பிள்ளைகளைச் சந்திக்கும்போது தம் பெருமையைப் பேசாதிருத்தல் ஒரு பண்பு. கவிஞர்களாகிய நாம் அந்த உரைநடையில் கற்க வேண்டியது இச்சொற்செட்டு.

ஊர் திரும்பியபின் அவர் செய்த பணி பயணத்தின் தொடர்ச்சியே. 1943இல் 'குமரி மலர்' இதழைத் தொடங்கினார். இடையிடையே நின்றாலும் 1983இல் அவர் மறையும் காலம் வரை அது அவருடைய இதழாகவே விளங்கியது. பழைய ஏடுகளில் புதைந்து கிடந்த பாரதியின் எழுத்துகளையும், முன்னோர் எழுதிய பயணக் கட்டுரைகளையும், மறந்துபோன செய்திகளையும் தேடி எடுத்து அதில் வெளியிட்டார். உலகெங்கும் படச்சுருள் தேடிய அதே கை, இங்கே பழந்தாள்களைத் தேடியது. பிறர் பயணங்களையும் காப்பாற்ற வேண்டும் என்று எண்ணிய பயணி அவர்.

அவருடைய உழைப்போ முழுமையாகக் காப்பாற்றப்படவில்லை. ஒரு லட்சம் மைல் அலைந்து உருவாக்கிய தமிழ்ப்படத்தின் மூலப்பிரதி நமக்குக் கிடைக்கவில்லை. ஆய்வாளர் ஆ. இரா. வேங்கடாசலபதியின் முயற்சியால், சுருக்கப்பட்ட ஆங்கில வடிவம் இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவில் கண்டெடுக்கப்பட்டது. படம் உருவான கதையைக் 'குமரி மலரில்' செட்டியார் எழுதிய கட்டுரைகள் 'அண்ணல் அடிச்சுவட்டில்' என்ற பெயரில் 2003இல்தான், அவர் மறைந்து இருபதாண்டு கழிந்தபின், நூலாயின. இதழ்களைச் சிலர் பாதுகாத்திருந்தமையால் கதை பிழைத்தது. சுருளைத் தமிழகம் பாதுகாக்காமையால் படம் தொலைந்தது.

பணியையும் வீட்டையும் விட்டு ஒருவர் புறப்படும்போது, 'என்ன ஈட்டி வருவாய்?' என்று ஊர் கேட்பது இயல்பு. செட்டியார் ஈட்டி வந்ததை வைப்பதற்கு நம்மிடம் இடம் இருந்ததா என்பதே இன்று நாம் கேட்டுக்கொள்ள வேண்டிய வினா. பத்தாண்டு நிறைவு காணும் நம் வட்டம், உறுப்பினர் இல்லங்களில் உள்ள பழைய இதழ்களையும் கடிதங்களையும் பயணக் குறிப்புகளையும் திரட்டிப் பேணும் பணியை மேற்கொள்ளுமானால், அந்த வினாவுக்கு நம்மால் இயன்ற விடை அதுவாகும்.