கக்குவான் இருமல்: நாம் மறந்துவிட்ட நோயும் மறக்கக்கூடாத அமானிதமும்



பெருநாள் விடுமுறையில் திருச்சி வட்டாரக் குடும்பங்கள் பல முக்கொம்புக்குச் செல்வதுண்டு. காவிரியிலிருந்து கொள்ளிடம் பிரியும் அவ்விடத்தில் பிள்ளைகள் பூங்காவில் விளையாட, பெரியவர்கள் மர நிழலில் அமர்ந்து உணவருந்தித் திரும்புவர். அங்கே நிற்கும் மேலணையைப் பற்றி அந்நேரத்தில் எவரும் எண்ணுவதில்லை. நீரில் பெரும்பகுதி பள்ளமான கொள்ளிடத்தில் ஓடிவிட, தஞ்சைக் கழனிகளுக்குச் செல்லவேண்டிய காவிரி மணல்மேடிட்டுப் போனதால், ஆர்தர் காட்டனின் திட்டப்படி 1836 முதல் 1838 வரை கட்டப்பட்ட அணை அது. ஏறத்தாழ 180 ஆண்டுகள் அது தன் பணியைச் செய்தது. 2018 ஆகஸ்டு 22 இரவு அதன் ஒன்பது மதகுகள் வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்ட பிறகே, அது எதைத் தாங்கி நின்றது என்பது நம்மில் பலருக்கும் புரிந்தது.

தடுப்பூசியின் நிலையும் இத்தகையதே. அது காத்து நிற்கும்வரை நோய் கண்ணில் படுவதில்லை. நோய் கண்ணில் படாதபோது ஊசியின் தேவையும் மனத்தில் நிற்பதில்லை. இதற்குச் சிறந்த சான்று கக்குவான் இருமலின் வரலாறு.

நம் பாட்டிமார்களுக்கு இந்நோயை அறிமுகம் செய்யவேண்டியதில்லை. முதல் ஓரிரு வாரங்கள் சாதாரணச் சளியைப் போலவே இருக்கும். பிறகு இருமல் அடுக்கடுக்காக வரும். மூச்சு வாங்க இடைவெளியின்றிக் குழந்தை இருமி, முகம் சிவந்து, இறுதியில் ‘ஊப்’ என்ற ஒலியுடன் காற்றை உள்ளிழுக்கும், உண்டதையெல்லாம் கக்கிவிடும். இது பல வாரங்கள் நீடிக்கும். சீனர்கள் இதனை ‘நூறுநாள் இருமல்’ என்றே அழைத்தனர். சில வாரங்களே ஆன பச்சிளங் குழந்தைக்கோ அந்த ஒலிகூட எழாமல் போகலாம். இருமுவதற்கும் வலுவின்றி அதன் மூச்சே நின்றுபோகும். இந்நோயால் இறப்போரில் பெரும்பாலோர் இத்தகைய சிசுக்களே.

அக்காலத்தில் மக்கள் தம்மால் இயன்றதைச் செய்தனர். கழுதைப்பால் விற்பவர் தெருவில் வந்தால், தாய்மார்கள் சங்களவு வாங்கிப் புகட்டினர். சிலர் தாயத்துக் கட்டினர். சிலர் பள்ளிவாசல் வாசலில் நின்று தண்ணீர் ஓதி வாங்கினர். பிள்ளையைக் காக்கத் துடித்த அந்த நெஞ்சங்களை நாம் எள்ளி நகையாடலாகாது. ஆயினும் கழுதைப்பால் இந்நோயைத் தடுத்ததற்கோ குணப்படுத்தியதற்கோ சான்று இல்லை. துஆ நம் வணக்கம். அது மருத்துவத்தைக் கைவிடச் சொல்வதன்று.

பாரிசில் 1578ஆம் ஆண்டு பரவிய இந்நோயைப் பற்றி கியோம் டி பையூ என்னும் மருத்துவர் எழுதிவைத்தார். ஆனால் நோயின் காரணம் தெரிய மூன்று நூற்றாண்டுகளுக்கு மேலாயிற்று. 1906இல் பெல்ஜியத்தைச் சேர்ந்த ஜூல் போர்டே, ஆக்டேவ் ஜாங்கு ஆகிய இருவரும் இதற்குரிய பாக்டீரியாவைப் பிரித்தெடுத்தனர். மூச்சுக்குழலின் உட்புறத்தில் சளியை மேலே தள்ளும் நுண்ணிய மயிரிழைகள் உள்ளன. இக்கிருமி அவற்றைப் பற்றிக்கொண்டு நஞ்சைச் சுரக்கிறது. அதனால்தான் கிருமி அழிந்த பின்னும் இருமல் வாரக்கணக்கில் தொடர்கிறது. இருமலில் தெறிக்கும் துளிகள் வழியே இது பரவுகிறது. நோய் எதிர்ப்பாற்றல் இல்லாத சமூகத்தில் ஒரு நோயாளியிடமிருந்து பன்னிரண்டு முதல் பதினேழு பேர்வரை தொற்றக்கூடும் என்பது வல்லுநர்களின் கணிப்பு.

பயனுள்ள தடுப்பூசியை உருவாக்கியதில் பெரும்பங்கு அமெரிக்காவைச் சேர்ந்த இரு பெண்மணிகளுக்கு உரியது. பேர்ல் கென்ட்ரிக், கிரேஸ் எல்டரிங் ஆகிய இருவரும் மிச்சிகன் மாநிலத்தின் கிராண்ட் ரேப்பிட்ஸ் நகர அரசு ஆய்வகத்தில் பணியாற்றியவர்கள். குழந்தைப் பருவத்தில் இந்நோயின் கொடுமையை அனுபவித்தவர்கள். 1930களின் பொருளாதார நெருக்கடியில் ஆய்வுக்குப் போதிய பணமில்லை. பகல் வேலை முடிந்த பின் மாலையில் ஏழைகளின் வீடுகளுக்கு நடந்து சென்று, மண்ணெண்ணெய் விளக்கொளியில், இருமும் பிள்ளைகளிடமிருந்து மாதிரி சேகரித்தனர். 1934இல் தொடங்கிய அவர்களின் முதற்சோதனையில், ஊசி போடப்பட்ட 712 பிள்ளைகளில் நால்வருக்கு மட்டுமே நோய் கண்டது. போடப்படாத 880 பிள்ளைகளில் 45 பேருக்குக் கண்டது. 1940களில் தொண்டை அடைப்பான், இரண ஜன்னி ஆகியவற்றுக்கான மருந்துகளோடு இதுவும் சேர்க்கப்பட்டு ‘முத்தடுப்பு ஊசி’ பிறந்தது.

நம் நாட்டில் 1978இல் தொடங்கிய விரிவான தடுப்பூசித் திட்டத்தில் முத்தடுப்பு ஊசி இடம்பெற்றது. 1985இல் அத்திட்டம் அனைவருக்குமான தடுப்பூசித் திட்டமாக விரிந்தது. வெறிநாய்க்கடி மருத்துவத்துக்காக 1907இல் நீலகிரியின் குன்னூரில் தொடங்கப்பட்ட பாஸ்டர் நிறுவனம் பின்னாளில் முத்தடுப்பு மருந்தையும் தயாரித்தது. 2011 டிசம்பரில், தமிழகமும் கேரளமும் நாட்டிலேயே முதலாவதாக ஐந்து நோய்களைத் தடுக்கும் பென்டாவேலன்ட் ஊசியை அரசுத் திட்டத்தில் அறிமுகம் செய்தன. இன்று நம் கைக்குழந்தைகள் கக்குவானுக்கு எதிராக முதலில் பெறுவது இந்த ஊசியையே.

இவ்வளவு ஆன பின்னும் அச்சம் எங்கிருந்து வந்தது? இதற்கு விடை வேறு நாடுகளின் அனுபவத்தில் இருக்கிறது. முத்தடுப்பு ஊசியால் மூளை பாதிக்கப்படுகிறது என்ற ஐயம் 1974இல் பிரிட்டனில் பரவியது. ஏறத்தாழ 80 விழுக்காடாக இருந்த தடுப்பூசி அளவு சில ஆண்டுகளில் 30 விழுக்காட்டை ஒட்டிச் சரிந்தது. பெரும் கொள்ளைநோய் அலைகள் பின்தொடர்ந்தன. ஜப்பானில் ஊசிக்குப் பின் இரு குழந்தைகள் இறந்ததால் 1975இல் ஊசி நிறுத்தி வைக்கப்பட்டது. 1979இல் அங்கு 13,000 பேருக்கு நோய் கண்டு, 41 பேர் இறந்தனர். 1981இல் பக்க விளைவு குறைந்த புதிய ஊசியை ஜப்பான் கொண்டுவந்த பிறகே நிலை சீரடைந்தது. ஊசியால் மூளை பாதிக்கப்பட்டதாகக் கருதப்பட்ட 14 பேரை 2006இல் ஆய்ந்தபோது, அவர்களில் 11 பேருக்குப் பிறவியிலேயே வலிப்பு நோய்க்குரிய மரபணு மாற்றம் இருந்தது தெரியவந்தது.

இவை தொலைதூரக் கதைகள் அல்ல. 2017 பிப்ரவரியில் தமிழகத்தில் தட்டம்மை, ரூபெல்லா தடுப்பூசி முகாம் தொடங்கியபோது, வாட்ஸ்அப்பில் பரவிய வதந்திகளால் பெற்றோர் பலர் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பவே தயங்கினர். நம் குடும்பக் குழுக்களிலும் அச்செய்திகள் வலம்வந்தன. கேட்டதையெல்லாம் ஆராயாமல் பரப்புவது மார்க்கம் கண்டித்த செயல் என்பதை நாம் அப்போது மறந்துபோனோம்.

ஊசிக்குப் பின் காய்ச்சல், வீக்கம், ஓரிரு நாள் அழுகை ஆகியவை வருவதுண்டு. இதை மறைக்கத் தேவையில்லை. மிக அரிதாகக் கடும் ஒவ்வாமையும் நேரலாம். அதற்காகவே ஊசி போட்டபின் அரைமணி நேரம் அங்கேயே இருக்கச் சொல்கின்றனர். எனினும் நோய் தரும் ஆபத்துடன் ஒப்பிட்டால் இது மிகச் சிறிது.

“எல்லாம் அல்லாஹ்வின் நாட்டம், ஊசி எதற்கு?” என்று கேட்போரும் உண்டு. ஷாம் தேசத்தில் கொள்ளைநோய் பரவியதை ஸர்ஃக் என்னும் இடத்தில் கேள்வியுற்ற கலீஃபா உமர் (ரலி) அவர்கள் திரும்பிச் செல்ல முடிவு செய்தபோது, இதே போன்ற கேள்வியை அபூஉபைதா (ரலி) அவர்கள் எழுப்பினார்கள். அல்லாஹ்வின் ஒரு விதியிலிருந்து அவனுடைய மற்றொரு விதியை நோக்கியே செல்கிறோம் என்ற கருத்தில் உமர் (ரலி) அவர்கள் விடையளித்தார்கள். கொள்ளைநோய் உள்ள ஊருக்குள் செல்லாதீர்கள், அங்கிருந்தால் வெளியேறாதீர்கள் என்ற நபி (ஸல்) அவர்களின் வழிகாட்டுதலை அப்துர்ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) அவர்கள் எடுத்துரைத்தபோது, அம்முடிவு உறுதியாயிற்று. முன்னெச்சரிக்கை தவக்குலுக்கு எதிரானதன்று. அதன் ஒரு பகுதியே ஆகும்.

இனி நம் இல்லங்களுக்கு வருவோம். முதல் ஊசி ஆறாவது வாரத்தில், அதாவது 42ஆம் நாளையொட்டி. பேறுகாலத்தின் நாற்பது நாள் முடிவதும் அதே சமயத்தில்தான். ஆக, அந்த நாற்பது நாளும் குழந்தைக்குத் தனக்கென ஊசியின் காப்பு இல்லை. அதே நாட்களில்தான் ஏழாம் நாள் அகீகாவும், பிள்ளை பார்க்க வரும் உறவினர் கூட்டமும். ஊசியின் வலிமை ஆண்டுகள் செல்லச் செல்லக் குறைவதால், பெரியவர்களுக்கும் இந்நோய் வரும்; அவர்களுக்கு அது வெறும் நீடித்த இருமலாகவே தோன்றும். அந்த இருமலோடு குழந்தையை வாங்கி முத்தமிடும் அன்பே அதற்கு ஆபத்தாகிவிடலாம். இருமல் உள்ளவர் எவராயினும், பெரியத்தாவாயினும் மாமாவாயினும், எட்ட நின்று துஆச் செய்துவிட்டுப் போவதே அக்குழந்தைக்குச் செய்யும் உபகாரம். வீட்டுப் பெரியவர்களே இதை எடுத்துச் சொன்னால், புதிதாய்த் தாயான பெண் தயங்கி நிற்க நேராது.

அதன் பின் பத்தாவது, பதினான்காவது வாரங்களிலும், 16 முதல் 24 மாதங்களுக்குள்ளும், ஐந்து ஆறு வயதிலும் ஊசி உண்டு. கடைசி இரண்டையும்தான் நாம் அதிகம் தவறவிடுகிறோம். தவணை தவறியிருந்தால் முதலிலிருந்து தொடங்கவேண்டியதில்லை. தாய் சேய் நல அட்டையுடன் சென்று மருத்துவரைக் கேட்டால் போதும். அரசு மையங்களில் இது இலவசம். வீட்டின் மூத்த பிள்ளை போட்டுக்கொள்ளும் ஊசி, இன்னும் ஊசி போடும் வயது வராத தம்பி தங்கையையும் அண்டைவீட்டுக் குழந்தையையும் சேர்த்தே காக்கிறது. அண்டை வீட்டாருக்கான கடமையை இவ்வளவு வலியுறுத்திய மார்க்கத்தில், இதுவும் அக்கடமையில் சேராதா?

முக்கொம்பில் உடைந்த மதகுகளுக்கு மாற்றாகப் புதிய அணையைக் கட்ட முடிந்தது. இழந்த குழந்தைக்கு மாற்று இல்லை. அல்லாஹ் நம்மிடம் ஒப்படைத்த அமானிதங்களை உரிய முறையில் பேணும் நற்பேற்றை நம் அனைவருக்கும் அவன் தந்தருள்வானாக. ஆமீன்.