கேட்பவரின் பங்கு: வகுப்பறை உரையாடலில் கேட்டல் திறன்

மொழித்திறன்கள் நான்கனுள் கேட்டலை முதலில் வைக்கிறோம். வகுப்பறையில் மிகக் குறைவாகக் கற்பிப்பதும் அதைத்தான். வாய்மூடி இருக்கும் மாணவர் கேட்கிறார் என்று எடுத்துக்கொள்கிறோம். தமிழ்நாட்டு நடுநிலை வகுப்புத் தமிழ்ப் பாடநூல்களின் 'மொழியை ஆள்வோம்' பகுதி கேட்டலுக்கு இடம் தருகிறது. ஆனால் அங்கே கேட்கச் சொல்லப்படுபவை பெரும்பாலும் பாடல்களும் சொற்பொழிவுகளும். சிங்கப்பூரின் தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வில் தமிழுக்குக் கேட்டல் கருத்தறிதல் என்றே தனிக்கூறு உண்டு. உரையாடலோ வாய்மொழித் தேர்வின் கீழ் வருகிறது. இரண்டு ஏற்பாடுகளிலும் கேட்டல் என்பது, ஒலிப்பதையும் சொல்லப்பட்டதையும் புரிந்துகொள்வதாகவே நிற்கிறது.

உரையாடலில் கேட்டல் இதனின் வேறானது. ஒலிப்பதிவு கேட்பவருக்காகத் தன்னை மாற்றிக்கொள்வதில்லை. எதிரே இருந்து பேசுபவர் மாற்றிக்கொள்கிறார். ஆகவே கேட்டவர் அடுத்து என்ன சொல்கிறார் என்பதைக் கொண்டே இத்திறனைக் கற்பிக்கவும் மதிப்பிடவும் வேண்டும் என்பது இக்கட்டுரையின் வாதம்.

கேட்பவரால் அமையும் பேச்சு

கனடாவின் விக்டோரியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜேனட் பவேலாஸ் குழுவினர் 2000-இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு வலுவான சான்று. ஒருவர் தாம் ஆபத்திலிருந்து மயிரிழையில் தப்பிய நிகழ்ச்சியை மற்றவரிடம் சொல்ல வேண்டும். கேட்பவர்களில் ஒரு சாராருக்கு மட்டும், ஆங்கில 'டி' எழுத்தில் தொடங்கும் சொல் வரும்போதெல்லாம் பொத்தானை அழுத்தும் வேலை தரப்பட்டது. அவர்கள் ஒவ்வொரு சொல்லையும் உன்னிப்பாகக் கவனித்தார்கள். ஆயினும் அவர்களிடம் சொல்லப்பட்ட கதைகள் தடுமாறின. குறிப்பாக, உச்சத்தைத் தொட வேண்டிய முடிவில் சரிந்தன. கதையின் அந்தந்த இடத்துக்கு உரிய பதைப்பும் வியப்பும் கேட்பவரிடமிருந்து வராததே காரணம். சொற்களைக் கவனிப்பது வேறு, சொல்பவரைக் கேட்பது வேறு என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை. நம் வீடுகளில் பாட்டி கதை சொல்லும்போது பிள்ளைகளை 'உம்' கொட்டச் சொல்வதும் இந்த அறிவின் பாற்பட்டதே. ஆனால் 'உம்' தொடக்கம் மட்டுமே. கதை திரும்பும் இடத்தில் 'ஐயையோ, அப்புறம்?' என்று கேட்கத் தெரிய வேண்டும்.

அடுத்த கூற்றே சான்று

ஹார்வி சாக்ஸ், இமானுவேல் ஷெக்லாஃப், கெயில் ஜெஃபர்சன் மூவரும் 1974-இல் வெளியிட்ட உரையாடல் ஆய்வு, முந்தைய பேச்சை ஒருவர் எவ்வாறு புரிந்துகொண்டார் என்பது அவருடைய அடுத்த கூற்றில் வெளிப்படும் என்று காட்டியது. வகுப்பறைக்கு இது பெரிய வசதி. மனத்துக்குள் நடப்பதாக நாம் கருதும் கேட்டல், காதால் கேட்டுக் குறித்துக்கொள்ளத்தக்க சான்றாகிவிடுகிறது. எடுத்துக்காட்டுக்காக ஒன்றைப் புனைந்து பார்ப்போம். ஒரு மாணவி, "நேத்து எங்க ஆடு ரெண்டு குட்டி போட்டுச்சு. ஒண்ணு செத்துப்போச்சு" என்கிறாள்.

"எங்க வீட்டுலயும் ஆடு இருக்கு" என்கிறாள் ஒரு தோழி. "எத்தன மணிக்குப் போட்டுச்சு?" என்கிறாள் இன்னொருத்தி. "அச்சச்சோ... இன்னொரு குட்டி பால் குடிக்குதா?" என்கிறாள் மூன்றாமவள்.

மூவர் காதிலும் சொற்கள் விழுந்தன. முதல் மறுமொழி பேச்சைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டது. சமூகவியலர் சார்லஸ் டெர்பர் 1979-இல் வெளியிட்ட நூலில் இத்தகைய திசைதிருப்பும் மறுமொழியையும், பேசுபவரைத் தாங்கும் மறுமொழியையும் பிரித்துக் காட்டினார். இரண்டாவது மறுமொழி தகவல் கேட்டது. துக்கத்தைத் தாண்டிப் போய்விட்டது. மூன்றாவது மட்டுமே சொன்னவளின் இழப்பையும் கவலையையும் ஒருசேரத் தொட்டது.

கற்பிக்கும் முறை

கண்ணைப் பார், தலையாட்டு, கேட்டதைத் திருப்பிச் சொல் என்னும் பட்டியல் பயிற்சிகள் இங்கே போதா. கார்ல் ரோஜர்ஸும் ரிச்சர்ட் ஃபார்சனும் 1957-இல் முன்வைத்த 'ஈடுபட்டுக் கேட்டல்' என்னும் கருத்தே இப்படிச் சுருங்கிவிட்டது. அவர்கள் வற்புறுத்தியது பேசுபவரின் நிலையில் நின்று பார்க்கும் மனப்பாங்கை. சடங்காகத் திருப்பிச் சொல்வதையன்று.

மாற்றாக, மாணவர் மூவர் மூவராக அமரட்டும். ஒருவர் பேச, ஒருவர் கேட்க, மூன்றாமவர் கேட்பவரின் மறுமொழிகளை மட்டும் எழுதிக்கொள்வார். பின்னர் எந்த மறுமொழி தம்மை மேலே பேசவைத்தது, எது தடுத்தது என்பதைப் பேசியவரே சுட்ட வேண்டும்.

ஆசிரியரும் இதற்கு முன்மாதிரியாதல் வேண்டும். கேள்வி கேட்டபின் ஆசிரியர்கள் சராசரியாக ஒரு வினாடி அளவே காத்திருக்கிறார்கள் என்று மேரி பட் ரோ 1970-களில் கண்டறிந்தார். மாணவர் பதில் சொல்லி நிறுத்தியபின்னும் அதே அவசரம்தான். இரண்டு இடங்களிலும் மூன்று வினாடியேனும் பொறுத்தபோது பதில்கள் நீண்டன, மாணவர் கேட்கும் வினாக்கள் பெருகின.

நாற்பது பேர் கொண்ட வகுப்பில் இரைச்சல் மிகும், பாடம் முடியாது என்ற தடை எழலாம். நன்னூல் கற்றலைப் பங்கிடும் முறை இதற்கு விடை தருகிறது. ஆசிரியர் சொல்லக் கேட்பதால் கால் பங்கே கிட்டும். உடன் பயில்வோரோடு பழகி இன்னொரு கால். பிறருக்கு எடுத்துரைப்பதில்தான் எஞ்சிய பாதி. மாணவர் ஒருவரையொருவர் கேட்கும் நேரம், இக்கணக்கின்படி பாடத்துக்கு வெளியே போன நேரம் ஆகாது.

மதிப்பீடு ஆசிரியரின் விருப்பு வெறுப்புக்கு ஆட்படும் என்பது இன்னொரு தடை. மதிப்பெண்ணை முகபாவத்துக்கு அளித்தால் அந்த அச்சம் நியாயமே. பதிவுசெய்த மறுமொழி முந்தைய கூற்றோடு எவ்வளவு பொருந்துகிறது என்பதற்கு அளித்தால், இரண்டு ஆசிரியர்கள் தனித்தனியே திருத்தி ஒப்பிட்டுக்கொள்ளலாம். பேசுதல் தேர்வின் மதிப்பெண் பட்டியலில் உச்சரிப்புக்கும் சரளத்துக்கும் பக்கத்தில் இதற்கும் ஒரு வரி சேர்ப்பதே முதல் படி.