மட்டப்பா வீடும் கான்கிரீட் வீடும்

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆண்டாள் கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் பழைய மட்டப்பா வீடுகள் இன்னும் சில நிற்கின்றன. சித்திரை வெயிலில் உள்ளே நுழைந்தால் உடம்பு குளிரும். ராஜபாளையத்தில் எங்கள் கான்கிரீட் வீட்டிலோ இரவு பதினொரு மணிக்கும் ஃபேன் அனலைத்தான் இறக்கும். இரண்டு ஊருக்கும் ஒரே வெயில்தான், கூரைதான் வேறு.

அந்தக் கூரைக்கு 'மெட்ராஸ் டெரஸ்' என்று பெயர். தேக்குச் சட்டங்களின் மேல் சிறு செங்கற்களைச் சாய்வாட்டமாக நிறுத்தி அடுக்கி, சுண்ணாம்புக் காரையால் பிணைப்பார்கள். அதன்மேல் செங்கல் சல்லியும் சுண்ணாம்பும் கலந்து கொட்டி, கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீர் தெளித்து, சித்தாள்கள் வரிசையாக உட்கார்ந்து நாள்கணக்கில் கட்டையால் தட்டுவார்கள். கடைசியில் தட்டோடு. அத்தனை கனத்தையும் தாண்டிப் பகல் சூடு கீழே இறங்குவதற்குள் பொழுது சாய்ந்துவிடும். உயரமான கூரையும் முற்றமும் மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும்.

1942 மார்ச்சில் ரங்கூன் ஜப்பானியரிடம் வீழ்ந்ததும் பர்மா தேக்கு வரத்து நின்றது. பிறகு சிமெண்ட் கைக்கெட்டியது. எங்கள் ஊர் பி.ஏ.சி. ராமசாமி ராஜாவின் மெட்ராஸ் சிமெண்ட்ஸ் 1957இல் உருவாகி, விருதுநகர் அருகே ஆலையும் வந்தது. கம்பி கட்டி ஒரே நாளில் தளம் போட முடிந்தது.

சிமெண்டைக் குறை சொல்லவில்லை. ஆரம்பத்தில் கான்கிரீட்டின் மேலும் சல்லிச் சுண்ணாம்பும் தட்டோடும் போட்டார்கள். செலவு மிச்சமென்று பலர் அதை விட்டதுதான் பிழை. ஐந்து அங்குலத் தளம் மட்டும் மிஞ்சியது. அந்த மிச்சத்தை இப்போது ஏசிக்கான கரண்ட் பில்லாகக் கட்டுகிறோம்.

2018இல் மத்திய மின் அமைச்சகம் 'இகோ நிவாஸ் சம்ஹிதா' என்ற வீட்டுக் கட்டட விதித்தொகுப்பை வெளியிட்டது. கூரை வழியே இவ்வளவு வெப்பம்தான் இறங்கலாம் என்று அதில் ஓர் எல்லை உண்டு. வெறும் கான்கிரீட் தளம் அதைப்போல ஏறத்தாழ மூன்று மடங்கை உள்ளே விடும். ஆனால் அந்த விதி 500 சதுர மீட்டர், அதாவது பன்னிரண்டு சென்டுக்கு மேற்பட்ட மனைகளுக்குத்தான்.

என் மகன் கட்டுவது நாலு சென்டில். எஸ்டிமேட்டில் தளத்துக்கு மேல் ஒன்றுமே இல்லை. சல்லிச் சுண்ணாம்பு, தட்டோடு, அதன்மேல் வெள்ளைப் பூச்சு என்று நானே எழுதிச் சேர்த்தேன். கொத்தனார் சிரித்தார்: "இதெல்லாம் உங்க காலத்து வேலைங்க ஐயா." வெயில் எந்தக் காலத்தது என்று அவரிடம் கேட்டேன்.