இரண்டு மலை, ஒரே கட்டம்: வி.எச்.எஃப். போட்டியில் ஏற்காடும் கொல்லிமலையும்

வி.எச்.எஃப். எனும் மிக உயர் அதிர்வெண் தொடர்புப் போட்டிக்கு வானொலியைத் தூக்கிக்கொண்டு மலையேறுவது என்று முடிவானால், சேலம் பக்கத்து ஹாம் (பொழுதுபோக்கு வானொலிக்காரர்) யோசிக்காமல் சொல்லும் பெயர் ஏற்காடு. சேலத்திலிருந்து ஏறத்தாழ 30 கி.மீ., 20 கொண்டை ஊசி வளைவுகள், நாள் முழுக்கப் பேருந்து, தங்க விடுதி, சூடாகச் சாப்பாடு. கொல்லிமலைக்கோ காரவள்ளியிலிருந்து 70 வளைவுகள் ஏற வேண்டும். உயரத்திலும் ஏற்காடே முந்துகிறது. அங்குள்ள சேர்வராயன் கோயில் உச்சி 1,623 மீட்டர். கொல்லிமலை பெரும்பாலும் 1,000 முதல் 1,300 மீட்டருக்குள் அடங்கிவிடுகிறது. காகிதத்தில் பார்த்தால் இதில் போட்டியே இல்லை. ஆனால் காகிதத்தில் இன்னும் இரண்டு கோடு இழுத்துப் பார்க்க வேண்டும்.

இந்தியாவில் இப்போட்டிக்கான இரண்டு மீட்டர் அலைவரிசை 144 முதல் 146 மெகாஹெர்ட்ஸ் வரை. இந்த அலைகள் அயனி மண்டலத்தில் பட்டுத் திரும்புவது அபூர்வம். தொடுவானம் வரை போய், அதற்குச் சற்று அப்பாலும் எட்டிப் பார்க்கும், அவ்வளவுதான். வானொலித் தொடுவானத்தைக் கணக்கிட எளிய வாய்ப்பாடு உண்டு. சுற்றுப்புறத் தரையிலிருந்து ஆன்டெனா நிற்கும் உயரத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 4.12 ஆல் பெருக்கினால் தொலைவு கிலோமீட்டரில் வரும். நாமக்கல் கோட்டைப் பாறை சுமார் 65 மீட்டர். அதன் உச்சிக்கு 33 கி.மீ. கிடைக்கிறது. கொல்லிமலை விளிம்பு கீழேயுள்ள சமவெளிக்கு மேல் 1,000 மீட்டர் என்று வைத்துக்கொண்டால் 130 கி.மீ. சேர்வராயன் உச்சி சமவெளிக்கு மேல் 1,350 மீட்டர் என்று கொண்டால் 151 கி.மீ. வர்க்கமூலத்தின் வேலை இது: 350 மீட்டர் கூடுதலாக ஏறியும் கையில் வருவது 20 கி.மீ. சொச்சம்தான். அந்த 20 கி.மீ.க்காக மலையைத் தேர்ந்தெடுப்பது வீண் என்பது என் கட்சி. எந்தத் திசை திறந்திருக்கிறது என்பதுதான் கேள்வி.

இப்போது கோடுகள். ஏற்காட்டிலிருந்து பெங்களூருக்கு நேர்கோட்டில் ஏறக்குறைய 148 கி.மீ. பெங்களூரும் 900 மீட்டர் உயரத்தில் இருப்பதால் இரு பக்கத் தொடுவானமும் சேர்ந்துகொள்ளும். நாட்டிலேயே ஹாம்கள் நிறைந்த ஊர்களில் ஒன்று அது. போட்டியில் அந்த ஒரு திசையே பாதி நோட்டை நிரப்பிவிடும். கொல்லிமலையிலிருந்து அதே பெங்களூருக்குக் கோடு போட்டால் 200 கி.மீ.யைத் தாண்டுகிறது. அதுகூடப் பரவாயில்லை, குறுக்கே சேர்வராயன் மலைத்தொகுதியே நிற்கிறது.

இதைச் சொல்லிவிட்டு ஏற்காட்டுக்காரர்கள் கைதட்டுவதற்குள் தெற்கே திரும்பிவிடுவோம். ஏற்காட்டிலிருந்து திருச்சிக்கு இழுத்த கோடு, பாதி வழியில் கொல்லிமலையின் கிழக்குப் பகுதி மேல் ஏறுகிறது. அந்த இடத்தில் பூமியின் வளைவையும் கழித்தால் நேர்ப்பாதை சுமார் 700 மீட்டர் உயரத்தில் போக வேண்டும். மலை 1,000 மீட்டருக்கு மேல். அலை முட்டிக்கொள்ளும். விளிம்பில் வளைந்து கொஞ்சம் கீழே இறங்கும், ஆனால் ஐந்து வாட் வாக்கி டாக்கிக்கு அந்த மிச்சம் போதாது. கொல்லிமலையிலிருந்து பார்த்தால் திருச்சி வெறும் 64 கி.மீ.; தஞ்சாவூர் ஏறத்தாழ 100 கி.மீ.; தென்மேற்கே கரூர், மேற்கே ஈரோடு வரை திறந்த காவிரிச் சமவெளி. ஆக, ஒரு மலைக்கு நல்ல ஊரை இன்னொரு மலை மறைக்கிறது. கிழக்கே இரண்டுக்கும் சிக்கல்தான்: ஏற்காட்டுக்குக் கல்வராயன், கொல்லிமலைக்குப் பச்சைமலை.

மதிப்பெண் விதி எது என்பதைப் பொறுத்தும் தீர்ப்பு மாறும். செப்டம்பர் முதல் வார இறுதியில் ஐரோப்பாவில் நடக்கும் 144 மெகாஹெர்ட்ஸ் போட்டியில் ஒரு கிலோமீட்டருக்கு ஒரு புள்ளி. அமெரிக்காவின் ஜனவரி, ஜூன், செப்டம்பர் வி.எச்.எஃப். போட்டிகளில் தொடர்புப் புள்ளிகளை, எட்டிய கட்டங்களின் எண்ணிக்கையால் பெருக்குவார்கள். கட்டம் என்பது மெய்டன்ஹெட் முறையில் இரண்டு பாகை தீர்க்கரேகை, ஒரு பாகை அட்சரேகை கொண்ட செவ்வகம். இங்கிலாந்தில் மெய்டன்ஹெட் என்ற ஊரில் 1980இல் வானொலியாளர்கள் கூடி ஏற்றுக்கொண்ட முறை என்பதால் அந்தப் பெயர். நம் இரு மலைகளும் எம்.கே. 91 என்ற ஒரே கட்டத்தில் கிடக்கின்றன. சேலமும் நாமக்கல்லும் அதிலேதான்; ஏன், புதுச்சேரியும் அதிலேதான். கிலோமீட்டர் விதியில் ஏற்காடு பெங்களூரால் ஓங்கும். கட்ட விதியில் கொல்லிமலை சளைக்காது: திருச்சியும் கரூரும் எம்.கே. 90, ஈரோடும் கோவையும் எம்.கே. 81.

மேலே போய் நின்றால் கணக்கில் வராத ஒன்று தெரியும். ஏற்காட்டில் நல்ல இடத்திலெல்லாம் அலைபரப்புக் கோபுரம் இருக்கிறது. மலிவான வாக்கி டாக்கியின் முன்பகுதியில் வடிகட்டி பலவீனம். பக்கத்துக் கோபுரத்தின் பலத்த அலை நுழைந்ததும் செவி மந்தமாகி, தூரத்து மெல்லிய குரல் அமுங்கிவிடும். நாம் பேசுவது அவர்களுக்குக் கேட்கும், அவர்கள் பதில் நமக்குக் கேட்காது. கொல்லிமலையில் சோளக்காடு, சீக்குப்பாறை பக்கத்து விளிம்புகளில் இந்தத் தொல்லை குறைவு. ஆனால் கொல்லிமலை மேலே ஒரு மேட்டுநிலம். செம்மேட்டு வயல்களுக்கு நடுவில் ஆன்டெனாவை நட்டுவிட்டு மலைமேல் இருக்கிறோம் என்று நம்பக் கூடாது. விளிம்புக்கு வந்தாக வேண்டும்.

ஆன்டெனா விஷயத்தில் இரண்டு மலைக்கும் ஒரே பதில்: பி.வி.சி. குழாயில் இரும்பு அளவு டேப்பை வெட்டிப் பொருத்திய மூன்று உறுப்பு யாகி. ஒவ்வொரு உறுப்பும் ஏறத்தாழ ஒரு மீட்டர். டேப் மடங்கும் என்பதால் எழுபது வளைவிலும் பேருந்துக் கூட்டத்தில் பக்கத்து ஆளின் கண்ணைக் குத்தாமல் வரும். மேல்நாட்டில் எஸ்.எஸ்.பி. முறையில் பேசும் போட்டிக்காரர்கள் உறுப்புகளைப் படுக்கை வாக்கில் வைப்பார்கள். நம் ஊரில் எதிர்முனையில் பெரும்பாலும் எஃப்.எம். வாக்கி டாக்கி, அதன் குச்சி ஆன்டெனா நிமிர்ந்து நிற்பது. யாகியையும் நிமிர்த்தியே பிடிக்க வேண்டும். மாற்றிப் பிடித்தால் 20 டெசிபல் வரை இழப்பு. ஆர்.ஜி. 58 கேபிள் 20 மீட்டர் போட்டாலே பாதிக்கு மேல் சக்தி கேபிளிலேயே போய்விடும். ரிப்பீட்டர் என்ற மறுபரப்பு நிலையம் வழியாகப் பேசியதைப் பொதுவாகப் போட்டிக் கணக்கில் சேர்க்க மாட்டார்கள். நேருக்கு நேர் “ஃபைவ் நைன், மைக் கிலோ நைன் ஒன்” என்று சொல்லி, எதிர்முனைக்காரரின் எண்ணையும் கட்டத்தையும் வாங்கி எழுதினால்தான் புள்ளி.

மின்சாரத்துக்கு நாமக்கல்லைப் போல வசதியான ஊர் கிடையாது. லாரி பேட்டரி தெருவுக்குத் தெரு கிடைக்கும், கம்பத்துக்குத் தாங்கி வேண்டுமென்றால் பாடி கட்டும் பட்டறையில் பற்றவைத்துத் தருவார்கள். ஒரு எச்சரிக்கை: லாரியில் ஓடுவது 24 வோல்ட். 50 வாட் செட் கேட்பது 13.8 வோல்ட், பேசும்போது ஏறத்தாழ பத்து ஆம்பியர் இழுக்கும். லாரியிலிருந்து நேரே ஒயர் எடுத்தால் செட் அன்றோடு சரி. பேட்டரி ஒன்றைத் தனியாகக் கழற்றிக்கொண்டு போக வேண்டும். சித்திரை, வைகாசி மாலைகளில் இடி இறங்கும் விளிம்பில் எந்தக் கம்பத்தையும் நிறுத்த வேண்டாம்.

மலையே தோற்கும் பொழுதும் ஒன்று உண்டு. மார்கழி, தை விடியலில் தரை குளிர்ந்து, மேலே வெதுவெதுப்பான காற்று மூடிபோல நிற்கும்போது, அலை அந்த மூடிக்கும் தரைக்கும் நடுவே மாட்டிக்கொண்டு வெகுதூரம் ஓடக்கூடும். மலையுச்சி மூடிக்கு மேலே இருந்தால் அந்த ஓட்டத்தில் பங்கு கிடைக்காது. சமவெளியில் மொட்டைமாடியில் நிற்பவருக்குத்தான் அதிர்ஷ்டம்.

சமவெளியில் நிற்பது என்றால் நான் சங்ககிரியைச் சொல்வேன். 78 பாகை தீர்க்கரேகை சேலத்துக்கும் சங்ககிரிக்கும் நடுவே போவதால் அது எம்.கே. 81. ஏற்காடு, கொல்லிமலை, சங்ககிரி மூன்றும் ஒன்றுக்கொன்று 50 முதல் 60 கி.மீ.யில் முக்கோணமாக அமைகின்றன. சேலம், நாமக்கல் ஹாம்களிடம் ஒரு வேண்டுகோள்: உரிம விதிகளையும் இடத்துக்கு வேண்டிய அனுமதியையும் முன்கூட்டியே பார்த்துக்கொண்டு, அடுத்த போட்டிக்கு எல்லோரும் ஏற்காட்டிலேயே குவியாமல், பெங்களூரை ஏற்காட்டு அணிக்கும் திருச்சியைக் கொல்லிமலை அணிக்கும் விட்டு, ஒருவரையாவது சங்ககிரிக்கு அனுப்புங்கள்.