கல்யாணமும் கிஸ்தி பாக்கியும்

புருஷன் கல்யாணத்துக்கு முன்னாடி வச்ச வரி பாக்கிக்குப் பொண்டாட்டி பொறுப்பா? நம்ம பக்கத்துச் சரித்திரத்தில் இதற்கு ஒரே பதில் இருந்ததில்லை. திண்டிவனத்திலிருந்து புதுச்சேரி போகும் சாலையில் இருக்கிற கிளியனூரை வைத்தே பார்க்கலாம். அன்று இந்த ஊர் பிரிட்டிஷ் தென்னாற்காடு; சாலையில் இன்னும் கொஞ்ச தூரம் போனால் பிரெஞ்சு ஆட்சி.

இங்கிலாந்தின் பழைய சட்டப்படி, கல்யாணம் ஆனதும் மனைவியின் அசையும் சொத்து கணவனுக்குப் போய்விடும். கூடவே அவளுடைய பழைய கடனும் அவன் தலையில் விழும். 1865-ல் வந்த இந்திய வாரிசுரிமைச் சட்டம், கல்யாணத்தால் ஒருவர் சொத்தில் மற்றவருக்கு உரிமை வராது என்றது. சொத்து வராதபோது கடன் மட்டும் ஏன் வரணும்? 1874-ல் மணமான பெண்கள் சொத்துச் சட்டத்தின் 9-ஆம் பிரிவு அதையும் நீக்கியது. 1865 முடிந்த பிறகு மணந்த கணவன், மனைவியின் முந்தைய கடனுக்குப் பொறுப்பில்லை. அவளுடைய தனிச் சொத்துதான் பொறுப்பு.

ஆனா இது இந்துக்களுக்கும் முஸ்லிம்களுக்கும் பொருந்தாதுன்னு அந்தச் சட்டமே சொல்லிடுச்சு. கிளியனூர் குடியானவனுக்கு இந்து சட்டம்தான். அதில் ஸ்திரீதனம் மனைவியுடையது. பஞ்சம், நோய் மாதிரி நெருக்கடியில் கணவன் அதை எடுத்துக்கலாம். அவனுக்குக் கடன் கொடுத்தவன் எடுக்க முடியாது.

பிரெஞ்சுப் பக்கம் கதையே வேற. 1881 ஆணைப்படி தங்கள் சொந்த வழக்கத்தைத் துறந்தவர்களுக்கு பிரெஞ்சு சிவில் சட்டம் வந்தது. தனி ஒப்பந்தம் எழுதாமல் மணந்தால் தம்பதிக்குப் பொதுச் சொத்து உண்டாகும். கல்யாண நாளன்று இருவருக்கும் இருந்த பணக் கடன்கள் பொதுவாக அந்தப் பொதுச் சொத்தின் மேல்தான் ஏறும்.

இதெல்லாம் ஆளைப் பார்க்கும் சட்டம். நிலவரி பார்த்தது மண்ணை. 1864-ஆம் ஆண்டு சென்னை வருவாய் வசூல் சட்டப்படி நிலமும், அதன் மேல் உள்ள கட்டடமும், விளைச்சலும் சர்க்கார் வரிக்கு ஈடு. பாக்கிக்காக நிலத்தை ஏலம் விட்டால், அதன் மேல் இருந்த மற்ற வில்லங்கங்கள் நீங்கி ஏலம் எடுத்தவர் கைக்குப் போகும். ஆக, புருஷனோட பாக்கி தாலி கட்டினதால பெண்ணிடம் வராது. பாக்கியுள்ள அவன் நிலம் அவள் பேருக்கு வந்தால், அந்த நிலத்தோடு வரும். கிஸ்தி கட்ட மனைவியின் நகை அடகுக்கடைக்குப் போனதெல்லாம் சட்டம் கேட்டு நடந்ததில்லை, வீடு கேட்டு நடந்தது.

இன்றைய வருமான வரியிலும் இதன் சாயலைப் பார்க்கலாம். கணவனின் பாக்கி மனைவியின் சம்பாத்தியத்தைத் தொடாது. ஆனால் 1.6.1973 முதல், உரிய விலை வாங்காமல் மனைவி பெயருக்கு அவன் மாற்றிய சொத்தை, அவனுடைய சொத்தாகவே எண்ணி வசூலிக்கச் சட்டம் இடம் தருகிறது. மத வழக்கப்படி பெண் கழற்றக் கூடாத நகையை மட்டும் ஜப்தி செய்ய முடியாது. 1908 சிவில் நடைமுறைச் சட்டத்தின் அந்த விலக்கு இங்கேயும் உண்டு.

அதனால பிறந்த வீட்டு நகைக்கும், சொந்தக் காசில் வாங்கின மனைக்கும் ரசீதையும் பத்திரத்தையும் பத்திரமா வச்சுக்கோங்க. எது யார் காசு என்பதைக் காட்ட வேண்டிய நாளில் கல்யாணப் பத்திரிகை உதவாது.