ஆடையற்ற இடத்தில் கமராவுக்கு என்ன வேலை?

தலைப்பைப் பார்த்து முகஞ்சுளிக்கும் வாசகர்கள் சிலர் இருக்கக்கூடும். நிர்வாண விடுதிகளைப் பற்றி எழுத இவருக்கு என்ன வந்தது என்று கேட்பவர்களும் இருப்பர். அவர்களிடம் நான் வேண்டுவது சிறிது பொறுமையை மட்டுமே. நான் எழுத முனைவது நிழற்படத்தைப் பற்றியும் மனிதரின் அந்தரங்கத்தைப் பற்றியுமே. பத்திரிகை அலுவலகங்களில் நீண்ட காலம் கழித்தவன் என்ற முறையில் 'இந்தப் படத்தைப் போடலாமா?' என்ற கேள்வி எனக்கு மிகவும் பழக்கமானது. அக்கேள்வியை மிகக் கண்டிப்பாகக் கேட்கும் இடங்களுள், ஆடை அணிவதும் அணியாதிருப்பதும் விருந்தினரின் விருப்பத்துக்கே விடப்பட்ட, வயது வந்தோருக்கு மட்டுமான உல்லாச விடுதிகளும் அடங்கும் என்பது பலருக்கு வியப்பளிக்கலாம்.

ஜமெய்க்காவின் நெக்றில் கடற்கரையில் 1976 இல் திறக்கப்பட்டு, 1981 இல் 'ஹெடோனிசம் 2' எனப் பெயர் மாற்றப்பட்ட விடுதி இத்தகைய இடங்களுள் பெயர்பெற்றது. பிரான்சின் தென்கரையிலும், மெக்சிக்கோவிலும், அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்திலும் இவ்வகை விடுதிகள் தோன்றின. இடத்துக்கு இடம் வேறுபட்டாலும் இவற்றின் விதிகளில் ஒரு பொதுத்தன்மை உண்டு. நீச்சல் தடாகத்தின் அருகிலும் நிர்வாணக் கடற்கரையிலும் கமராவை எடுக்கலாகாது. சில இடங்களில் கைத்தொலைபேசியை வெளியே எடுப்பதே தடை. வேறு சில இடங்களில் அதன் கமராக் கண்ணின் மீது ஸ்டிக்கர் ஒட்டி அனுப்புவார்கள். படமெடுக்க அனுமதியுள்ள இடத்திலும், படச் சட்டகத்துக்குள் வரும் ஒவ்வொருவரிடமும் சம்மதம் கேட்கவேண்டும்; பின்னணியில் தூரத்தே நிற்பவரும் அதில் அடங்குவார். மீறினால் வெளியேற்றம், செலுத்திய பணம் திரும்பக் கிடைக்காது.

முன்பின் அறியாத நூறு பேர் முன்னிலையில் ஆடையின்றி உலாவத் தயங்காத ஒருவர் ஒரு சிறு கமராவுக்கு ஏன் அஞ்சவேண்டும்? இது போலித்தனம் அல்லவா? இப்படிக் கேட்பவர்கள் பலர். அவர்களுக்கான பதில் ஏறத்தாழ நூற்றுமுப்பது ஆண்டுகால வரலாற்றில் இருக்கிறது.

கமராவும் அந்தரங்கமும்

1888 இல் அமெரிக்காவின் றொச்செஸ்ரர் நகரைச் சேர்ந்த ஜோர்ஜ் ஈஸ்ற்மன் தமது கொடாக் கமராவைச் சந்தைக்குக் கொண்டுவந்தார். நூறு படங்களுக்கான சுருள் அதனுள் இருந்தது. எடுத்து முடித்ததும் கமராவையே தொழிற்சாலைக்கு அனுப்பிவிட்டால், அவர்களே படங்களைக் கழுவி அச்சிட்டு, புதிய சுருளையும் இட்டுத் திருப்பி அனுப்புவர். அதுவரை படம் எடுப்பதற்கு நிழற்படக் கலைஞர் ஒருவரும், அவர் முன் அசையாமல் அமர்ந்திருப்பவரும் வேண்டியிருந்தது. அமர்ந்திருத்தலே ஒருவகைச் சம்மதம். கையடக்கக் கமரா அந்தச் சம்மதத்தைத் தேவையற்றதாக்கியது.

இரண்டு ஆண்டுகளின் பின், 1890 டிசம்பரில், சாமுவேல் வொறன், லூயிஸ் பிரண்டைஸ் என்ற இரு சட்டத்தரணிகள் ஹார்வார்ட் சட்ட சஞ்சிகையில் அந்தரங்கத்துக்கான உரிமை பற்றி ஒரு கட்டுரை எழுதினர். நொடியில் எடுக்கப்படும் நிழற்படங்களும் வம்பு பேசும் பத்திரிகைகளும் தனிமனித வாழ்வினுள் நுழைகின்றன என்பது அவர்களின் கவலை. நவீன அந்தரங்கச் சட்டத்தின் தொடக்கம் என இன்றும் கொள்ளப்படும் அந்தக் கட்டுரை, எனது தொழிலின் மீதான குற்றப்பத்திரிகையாகவும் அமைந்தது என்பதை நான் மறைக்கவேண்டியதில்லை.

சட்டம் உடனே மாறிவிடவில்லை. ஈஸ்ற்மனின் அதே றொச்செஸ்ரரில் ஓர் இளம்பெண்ணின் படத்தை அவருடைய அனுமதியின்றி மாவு விளம்பரமொன்றில் 25,000 பிரதிகள் அச்சிட்டனர். அவர் வழக்குத் தொடுத்தார். 1902 இல் நியூயோர்க் மாநிலத்தின் மேன்முறையீட்டு நீதிமன்றம், அப்படியோர் உரிமை சட்டத்தில் இல்லையென நான்குக்கு மூன்று என்ற பெரும்பான்மையில் தீர்ப்பளித்தது. மக்களிடையே எழுந்த கோபம் அடுத்த ஆண்டிலேயே புதிய சட்டமொன்றைக் கொண்டுவரச் செய்தது. அந்தப் பெண் ஆடையுடன், மிக்க கண்ணியமான தோற்றத்தில்தான் அப்படத்தில் இருந்தார். ஆகவே பிரச்சினை ஆடையைப் பற்றியதாக ஒருபோதும் இருக்கவில்லை. தன் உருவத்தை எங்கே, யாருக்குக் காட்டுவது என்று தீர்மானிப்பவர் யார் என்பதே பிரச்சினை.

ஜேர்மனியில் இதே கேள்வி ஒரு மரணப் படுக்கையில் எழுந்தது. 1898 யூலையில் முன்னாள் அதிபர் பிஸ்மார்க் காலமான இரவு, இரு நிழற்படக்காரர்கள் அவரது அறைக்குள் களவாக நுழைந்து சடலத்தைப் படமெடுத்தனர். நீதிமன்றம் அப்படத்தைத் தடுத்தது. ஆனால் அத்துமீறி நுழைந்தமையைக் காரணம் காட்டியே தடுக்க முடிந்தது. படத்தையே குற்றமாகக் காணச் சட்டம் இருக்கவில்லை. அந்த வெற்றிடத்தை நிரப்பியது 1907 ஆம் ஆண்டின் சட்டம். ஒருவரது உருவப்படத்தை அவரது சம்மதமின்றிப் பரப்பலாகாது என்ற அதன் 22 ஆம் பிரிவு, நூறாண்டுகள் கடந்தும் ஜேர்மனியில் நடைமுறையில் உள்ளது.

புனைபெயர்களில் ஒரு சமூகம்

நவீன நிர்வாண இயக்கம் பிறந்ததும் ஏறக்குறைய இதே ஆண்டுகளில்தான். இன்று அறியப்பட்ட வரையில் அதன் முதலாவது சங்கம் ஐரோப்பாவில் அமைக்கப்படவில்லை. பிரித்தானிய இந்தியாவில், 1891 இல், பம்பாய் மாகாணத்தின் தாணாவில் நீதிபதியாக இருந்த சாள்ஸ் குறோஃபோர்ட் என்ற ஆங்கிலேயர் அமைத்தார். மொத்த அங்கத்தவர்கள் மூவர். ஆங்கில எழுத்தாளர் எட்வேர்ட் காபென்ரருக்குக் குறோஃபோர்ட் எழுதிய கடிதங்கள் எஞ்சியதாலேயே அப்படியொரு சங்கம் இருந்ததை உலகம் அறிந்தது. பகலில் தீர்ப்பு வழங்கும் நீதிபதி ஒருவர் ஓய்வு நாளில் இப்படி இருந்தார் என்பதற்கு ஒரேயொரு படம் அக்காலத்தில் வெளிவந்திருந்தால், அவரது பதவியின் கதி என்னவாகியிருக்கும் என்பதை விளக்க வேண்டியதில்லை.

இந்தியத் தொடர்பு அத்துடன் முடியவில்லை. பண்டைய கிரேக்கர் இந்தியாவின் ஆடையற்ற துறவிகளைக் குறிக்க வழங்கிய பெயரைத்தான் 1922 இல் இங்கிலாந்தில் தோன்றிய முதல் நிர்வாணச் சங்கம் தனக்குச் சூட்டிக்கொண்டது. அதன் தொடர்ச்சியாக 1924 இல் எசெக்ஸ் பகுதியின் விக்ஃபோர்ட்டில் கூடிய குழுவினர் ஒருவரையொருவர் புனைபெயராலேயே அழைத்தனர். நிலத்தின் உரிமையாளர் 'மூனெல்லா' என்ற பெயரில் வழங்கப்பட்டார். குழுவின் பெயரும் அதுவே. உடலை மறைக்காதவர்கள் பெயரை மறைத்தார்கள். வெளியுலகில் தொழிலும் குடும்பமும் அயலும் அவர்களுக்கு இருந்தன.

ஜேர்மனியில், லூபெக் நகருக்கு அண்மையில் கிளிங்பேர்க்கில், 1903 இல் போல் சிம்மர்மன் திறந்த பூங்காவுடன் இயக்கம் வலுப்பெற்று, 1920 களில் பெருகியது. 1933 மார்ச்சில் கேரிங் பிறப்பித்த பிரஷிய ஆணை அவ்வியக்கத்தை ஒடுக்கப் பொலிசாரை ஏவியது. நேற்றுவரை சட்டத்துக்கு உட்பட்டிருந்த ஒரு செயல், ஆட்சி மாறியதும் மறுநாள் குற்றமாகலாம். ஆனால் நேற்று எடுத்த படம் அழிவதில்லை. எமது பிரதேச வரலாற்றைக் கண்ட வாசகர்களுக்கு இது புரியாத விடயமன்று. ஊர்வலத்தில் எடுத்த படமொன்று பின்னாளில் என்னவெல்லாம் செய்தது என்பதை நாம் அறிவோம்.

இயக்கத்தின் முரண்பாடு

நிர்வாண இயக்கம் கமராவை வெறுத்தது என்று எண்ணிவிடக்கூடாது. அதனால் வளர்ந்ததும் அந்த இயக்கமே. அமெரிக்காவில் 1933 இல் இல்ஸ்லி பூன் என்ற மதகுரு தொடங்கிய சஞ்சிகை, பின்னர் 'சன்ஷைன் அன்ட் ஹெல்த்' என்ற பெயரில் நாடெங்கும் சென்றது. முகாம்களில் எடுத்த படங்களே அதன் பலம். தபால் திணைக்களம் அதை ஆபாசமென்று தடுக்க, வழக்கு ஆண்டுக்கணக்கில் நீண்டு, 1958 ஜனவரியில் அமெரிக்க உயர் நீதிமன்றம் விரிவான விளக்கமேதும் தராமல் சஞ்சிகைக்குச் சார்பாக முடித்துவைத்தது. அச்சுச் சுதந்திர வரலாற்றில் அது ஒரு முக்கிய வெற்றி.

ஆனால் வாங்கியவர்கள் எல்லோரும் சூரியக் குளியலின் நன்மையை அறியவா வாங்கினார்கள்? படம் முகாமின் வேலியைத் தாண்டியதும் அதைப் பார்ப்பவர் யார், எந்த நோக்கில் பார்க்கிறார் என்பது எவர் கையிலும் இல்லை. இதை முகாம்கள் அனுபவத்தால் கற்றன. 1960 களில் அமெரிக்க நிர்வாண முகாம்களை ஆராய்ந்த சமூகவியலாளர் மார்ட்டின் வெயின்பேர்க், அங்கு நிலவிய விதிகளைப் பதிவு செய்துள்ளார். முறைத்துப் பார்க்கலாகாது; பாலியல் பேச்சு ஆகாது; உடலைத் தீண்டலாகாது; அனுமதி பெறாமல் படமெடுக்கலாகாது; முதற்பெயரால் மட்டுமே அழைக்கவேண்டும், குடும்பப் பெயரைக் கேட்கலாகாது. முறைத்துப் பார்க்கலாகாது என்ற விதியையும் கமரா விதியையும் சேர்த்துப் பார்க்கவேண்டும். பார்ப்பவரும் ஆடையின்றி நிற்கும்போது பார்வை இருவருக்கும் சமமாகிறது. முறைப்பவர் அந்தச் சமநிலையைக் குலைக்கிறார். கமராவோ களைப்பின்றி, காலவரையறையின்றி முறைத்துக்கொண்டே இருப்பது.

பிற்காலத்து வயது வந்தோர் விடுதிகள், உடல்நலம் என்ற பழைய இலட்சியத்தைப் பெரும்பாலும் கைவிட்டு, கேளிக்கையை முன்வைத்தன. பல விதிகள் தளர்ந்தன. மதுவும் வந்தது, உல்லாசமும் வந்தது. கமரா விதி மட்டும் தளரவில்லை, இறுகியது.

தாமதம் என்ற காவலன்

அந்த இறுக்கத்துக்குத் தொழில்நுட்பமே காரணம். படச்சுருள் காலத்தில் விருந்தினரைக் காத்தது விதி மட்டுமன்று, இரசாயனமும் காத்தது. படம் கழுவுவதற்கு ஒரு கடைக்காரரின் கையைக் கடக்கவேண்டும். நிர்வாணப் படங்களைக் கழுவித் தர மறுத்த நிலையங்களும் இருந்தன. 1948 இல் போலரொய்ட் கமரா விற்பனைக்கு வந்தபோது முதல் வேலி விழுந்தது: மூன்றாமவர் கண்ணுக்குப் படாமல் படம் கையில் கிடைத்தது. எனினும் அது ஒரே பிரதி. 2000 ஆம் ஆண்டில் ஜப்பானில் 'ஷார்ப்' நிறுவனம் கமராவுடன் கூடிய கைத்தொலைபேசியை விற்கத் தொடங்கியபோது அடுத்த வேலியும் விழுந்தது. எடுத்த இடத்திலிருந்தே அனுப்பலாம், பிரதிகளுக்கு எல்லையில்லை.

மூன்றாவது வேலி பெயர். முதற்பெயர் மட்டும் சொன்னால் போதும் என்ற பழைய பாதுகாப்பு, முகத்தைக் கொண்டே ஆளைக் கண்டறியும் மென்பொருள்களால் தகர்ந்தது. இணையத்திலிருந்து கோடிக்கணக்கான முகங்களைத் திரட்டி வைத்திருந்த 'கிளியர்வியூ' நிறுவனத்தின் செயல் 2020 ஜனவரியில் வெளிச்சத்துக்கு வந்தது. நண்பரைப் படமெடுக்கும்போது பின்னணியில் மங்கலாக நின்ற ஒருவர் கூட இன்று பெயருடன் அடையாளம் காணப்படக்கூடும். பின்னணியில் நிற்பவரிடமும் சம்மதம் கேள் என்ற விடுதி விதி இப்போது அளவுக்கு மீறிய கண்டிப்பாகத் தோன்றவில்லை.

விடுதியின் விதிக்கு ஓர் எல்லையும் உண்டு. அது தனியார் நிலத்தில் ஓர் உடன்படிக்கை மட்டுமே. மீறியவரை வெளியேற்றலாம், வெளியேறிய படத்தைத் திருப்பி அழைக்க விடுதியால் இயலாது. அதற்குச் சட்டம் வேண்டும். அங்கும் ஓட்டைகள் இருந்தன. பிரான்சில், தனியிடத்தில் இருப்பவரைச் சம்மதமின்றிப் படமெடுப்பது 1970 முதல் குற்றம். ஆனால் துணைவியின் சம்மதத்துடன் எடுத்த நிர்வாணப் படத்தை உறவு முறிந்தபின் இணையத்தில் ஏற்றிய ஒருவரின் வழக்கில், 2016 மார்ச்சில் அந்நாட்டின் உச்ச மேன்முறையீட்டு நீதிமன்றம், எடுக்கும்போது சம்மதம் இருந்தமையால் குற்றமில்லை என்றது. அதே ஆண்டு ஒக்ரோபரில் பாராளுமன்றம் சட்டத்தைத் திருத்தியது. எடுக்கத் தந்த சம்மதம் பரப்பத் தந்த சம்மதமாகாது என்பது அப்போதுதான் அங்கு சட்டமாயிற்று. தண்டனை இரண்டு ஆண்டுச் சிறையும் 60,000 யூரோ அபராதமும் வரை.

ஆக, நிர்வாண விடுதியின் கமரா விதியில் போலித்தனம் ஏதுமில்லை. அங்கு வருபவர், அந்த இடத்தில், அந்த வேளையில், தன்னைப் போலவே நிற்கும் மனிதர் முன் இருக்கச் சம்மதிக்கிறார். அதற்கு அப்பால் எதற்கும் அவர் சம்மதிக்கவில்லை.

நிர்வாண விடுதிகளை நம்மவர் ஏற்கவேண்டும் என்று வாதிட நான் வரவில்லை. அது அவரவர் மனத்தையும் பண்பாட்டையும் பொறுத்தது. எனது கவலை வேறு. குளிக்கும்போது மறைவாக எடுக்கப்பட்ட ஒளிப்பதிவோ, காதலனை நம்பி அனுப்பிய படமோ வெளியில் பரவும்போது, 'இவள் ஏன் அப்படி நின்றாள்? ஏன் படமெடுக்க விட்டாள்?' என்றுதான் நமது ஊர்களிலும், புலம்பெயர்ந்த நாடுகளிலும் முதற் கேள்வி எழுகிறது. பரப்பியவனைப் பற்றிய கேள்வி பிறகே வருகிறது. பல வேளைகளில் வருவதேயில்லை. அதற்குள் அப்பெண் பாடசாலையை விட்டோ, வேலையை விட்டோ, சில வேளைகளில் உயிரையே விட்டோ போய்விடுகிறாள். உடலை மறைக்காதவர்கள் கூடும் இடத்தில், படமெடுத்தவனே வாசலுக்கு வெளியே அனுப்பப்படுகிறான். இந்த ஒரு விடயத்திலாவது அவர்களிடமிருந்து நாம் கற்றுக்கொள்ளலாம்.