ஈயக்குண்டின் மசகு: துணி, தாள், பள்ளம்

1857 எழுச்சியைப் பற்றிய எழுத்துகள் பெரும்பாலும் ஒரே கேள்வியைச் சுற்றுகின்றன: என்ஃபீல்டு தோட்டாவில் தடவிய கொழுப்பு பசுவினுடையதா, பன்றியினுடையதா? தோட்டாவுக்குக் கொழுப்பு ஏன் வேண்டியிருந்தது என்ற கேள்வி அதற்கு முந்தையது. அதைக் கேட்டவர்கள் குறைவு. வாய்வழியாக மருந்து கெட்டிக்கும் ரைஃபிளில் மசகின் தலையாய வேலை உராய்வைக் குறைப்பதன்று, குழலில் படியும் கசடை இளக்கி வைப்பதே என்பது இக்கட்டுரையின் துணிபு.

கருமருந்தில் நூற்றுக்கு 75 பங்கு வெடியுப்பு, 15 பங்கு கரி, 10 பங்கு கந்தகம். எரிந்தபின் அதன் எடையில் பாதிக்கும் மேல் வாயுவாகாமல் திடப்பொருளாகவே எஞ்சுகிறது. பொட்டாசியம் கார்பனேட்டும் சல்பேட்டும் மிகுந்த அந்தக் கசடு, வறண்ட காற்றில் இறுகிவிடும், ஈரக்காற்றில் குழையும். நம் நாட்டுத் துப்பாக்கியைப் போன்ற வழவழப்பான குழலுக்கு இது பெருந்தொல்லை அன்று. ரவைகள் தளர்வாகவே உள்ளே இறங்கும். ரைஃபிளிலோ குண்டு திருகுப் பள்ளங்களைப் பற்றியாக வேண்டும். சில வெடிகளுக்குப் பிறகு, அடுத்த குண்டு பாதிக் குழலில் சிக்கிக்கொள்ளும்.

18ஆம் நூற்றாண்டில் பென்சில்வேனியாவின் லங்காஸ்டர் பகுதியில் குடியேறிய ஜெர்மானியத் துப்பாக்கிக் கொல்லர்களும் அவர்களிடம் வாங்கிய வேட்டைக்காரர்களும் கையாண்ட வழி எளிது. குழலைவிடச் சற்றுச் சிறிய உருண்டைக் குண்டை வீட்டிலேயே வார்த்து, மசகு தோய்த்த துணித்துண்டில் பொதிந்து இறக்கினார்கள். பள்ளத்தைப் பற்றியது துணி. ஈயம் குழலைத் தொடவில்லை. மாட்டுக்கொழுப்பு, கரடிக்கொழுப்பு, கைவசம் வேறொன்றும் இல்லையென்றால் எச்சில். எச்சிலும் பயன்பட்டது என்பதே என் வாதத்துக்கு வலுவான சான்று. கசடின் பெரும்பகுதி நீரில் கரையும் உப்பு. அதற்கு வேண்டியது ஈரம். ஒவ்வொரு முறை கெட்டிக்கும்போதும் துணி அந்தக் கசடைத் துடைத்துக்கொண்டே இறங்கியது. 1800இல் பிரிட்டிஷ் படையில் சேர்ந்த பேக்கர் ரைஃபிளின் கட்டையிலும், மசகிட்ட துணிகளை வைக்க மூடியுள்ள சிறு பெட்டி இருந்தது.

துணியில் பொதிந்து மெதுவாகக் கெட்டிக்கும் இந்த முறை வேட்டைக்குப் போதும், போருக்குப் போதவில்லை. 1849இல் பிரான்சின் மினியே உருவாக்கிய நீள்குண்டு, குழலைவிடச் சிறியதாக இருந்து எளிதில் இறங்கியது. சுடும்போது அதன் அடி விரிந்து பள்ளத்தைப் பற்றியது. துணிக்கு வேலை இல்லாமற்போயிற்று. மசகுக்கு வேறு இடம் தேட வேண்டியதாயிற்று. அமெரிக்காவின் ஹார்ப்பர்ஸ் ஃபெரி ஆயுதசாலையில் ஜேம்ஸ் பர்ட்டன், மினியே குண்டின் அடியில் இருந்த இரும்புக் கிண்ணத்தை நீக்கி, குண்டின் இடுப்பைச் சுற்றி வெட்டிய மூன்று பள்ளங்களில் மசகை நிரப்பினார். இங்கிலாந்து வேறு வழியில் சென்றது. என்ஃபீல்டின் பிரிட்செட் குண்டு பள்ளமே இல்லாதது. 0.577 அங்குலக் குழலுக்கு 0.568 அங்குலக் குண்டு. அதைச் சுற்றிய தாளின் வெளிப்புறத்தில் கொழுப்பு. அந்தத் தாளோடுதான் குண்டு குழலுக்குள் போயிற்று. பழைய துணியின் வேலையைத் தாள் ஏற்றது.

தோட்டாவைப் பிரிக்கச் சிப்பாய் கடித்தது மருந்து இருந்த முனையை. கொழுப்புத் தோய்த்தது குண்டு இருந்த முனையை. ஆனால் மாட்டுக்கொழுப்பு 40 முதல் 45 பாகை செல்சியஸிலேயே உருகும். வங்காளத்துக் கோடையில் கட்டி வைத்த தோட்டாக்களில் அது ஒரே முனையில் நின்றிருக்கும் என்று நம்ப இயலாது. இந்நாட்டு வெப்பத்தைக் கொழுப்பு தாங்குமா என்று சோதிக்கவே 1853இல் கொழுப்பிட்ட தோட்டாக்களை இந்தியாவுக்கு அனுப்பினார்கள். சிப்பாய்களின் மனம் புண்படாது என்று உறுதியாகத் தெரியாத கொழுப்பைக் கொடுக்க வேண்டாம் என்று படை அதிகாரி டக்கர் அப்போதே எச்சரித்தார், எவரும் செவிசாய்க்கவில்லை. 1857 ஜனவரியில் டம்டம்மில் சந்தேகம் வெடித்தபின், சிப்பாய்களே கடைவீதியில் மசகு வாங்கிப் பூசிக்கொள்ள அரசு இசைந்தது. காலம் கடந்துவிட்டது. பராக்பூரில் சந்தேகம் தாளின் பளபளப்பின்மேலேயே தாவியிருந்தது.

கொழுப்புக்கு இன்னொரு குறையும் உண்டு. நாள்பட்டால் அதன் அமிலம் ஈயத்தை அரித்து, குண்டின்மேல் வெண்படலம் ஏற்றும்; பருத்த குண்டு குழலில் இறங்காது. இந்தக் காரணத்தாலும் பிரிட்டிஷ் தோட்டாவில் பின்னர் தேன்மெழுகே பெரும்பங்காயிற்று. அது உருக 62 பாகைக்கு மேல் வேண்டும். கசடேறிய குழலோடு இந்தியாவில் போரிட்ட அனுபவத்துக்குப் பின் குண்டையும் 0.550 அங்குலமாகக் குறைத்தார்கள்.

பின்புறம் தோட்டா இடும் துப்பாக்கிகள் வந்து படைகள் இதை மறந்தபின்னும் வேட்டைக்காரர்கள் விடவில்லை. பென்சில்வேனியாவில் 1974இல் தீக்கல் துப்பாக்கிக்கென்று தனி மான்வேட்டைப் பருவம் தொடங்கியது. இன்று வீட்டில் குண்டு வார்ப்பவர் மென்மையான தூய ஈயத்தையே உருக்குகிறார். கடின உலோகக் கலவையில் மினியேயின் அடி விரியாது. குண்டுகளைத் தட்டையான தட்டில் நிறுத்தி, உருக்கிய தேன்மெழுகும் கொழுப்பும் கலந்து மேற்பள்ளம் முழுகும்வரை ஊற்றுகிறார். ஆறியபின், குண்டைச் சுற்றிக் குழாய்க்கத்தியை அழுத்தி ஒவ்வொன்றாக வெட்டி எடுக்கிறார். பள்ளத்தில் நிற்பது மட்டுமே மசகு. மிச்சம் மறுபடி உருகும். பெட்ரோலிய எண்ணெய்களை அவர் தவிர்க்கிறார், அவை கருமருந்தோடு எரிந்து தாராகப் பிசுபிசுக்கும் என்பதால். பனிக்காலத்துக்குக் கொழுப்பைக் கூட்டி இளக்குகிறார், கோடைக்கு மெழுகைக் கூட்டி இறுக்குகிறார். கெட்டித்த துப்பாக்கியோடு நாள் முழுக்கக் காட்டில் நிற்க வேண்டியிருந்தால், மசகு கசிந்து மருந்து நமத்துவிடாமலிருக்க, இரண்டுக்கும் நடுவே கம்பளி வட்டு ஒன்றை வைத்துக் கெட்டிக்கிறார்.